பட்ஜெட்ல வீட்டுக்கு ஒரு பூல் டேபிள்: 46,000 ரூபாய் நஷ்டத்துல நான் கத்துக்கிட்டது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கப்பட்டுள்ளது.)

போன எபிசோடுல லேப்டாப் வாங்குறதைப் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்ல ஒருத்தர், "ப்ரோ, ஒரு தடவை நீங்க ஏமாந்த கதையையும் சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எப்பவும் ஜெயிச்ச கதையவே சொன்னா கேக்கிறவங்களுக்கு என்ன லாபம்?

அதனால இன்னைக்கு பூல் டேபிள். ஆமா, நீங்க நினைக்கிற அதே பச்சைத் துணி போட்ட மேஜைதான். நான் இதை ரெண்டு தடவை வாங்கினேன். முதல் தடவை தப்பா, ரெண்டாவது தடவை சரியா. ரெண்டுக்கும் நடுவுல 46,000 ரூபாய் போச்சு. பணம் போனது கூடப் பரவாயில்லை. அதை விடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, அது போகப் போகப் புரியும்.

முதல்ல பின்னணி. எங்க அப்பா சென்னையில ஒரு பழைய கிளப்புல மார்க்கரா வேலை பார்த்தவர். 27 வருஷம். மார்க்கர்னா என்னன்னு நிறைய பேருக்குத் தெரியாது. பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் ஆடுற ஹால்ல ஸ்கோர் போர்டு பக்கத்துல ஒருத்தர் நிப்பார். பாயிண்ட் சொல்லுவார், உள்ள விழுந்த கலர் பந்தை எடுத்து அதோட இடத்துல வைப்பார், கைக்கு எட்டாத பந்துக்கு ரெஸ்ட் எடுத்துக் கொடுப்பார். காலைல மெம்பர்கள் வர்றதுக்கு முன்னாடி டேபிளுக்கு பிரஷ் போட்டு, அயர்ன் பண்ணி வைக்கிறதும் அவர்தான். ஆடுறதுக்கு அவருக்கு நேரம் எப்போ? கடைசி மெம்பர் கிளம்பின பிறகு, லைட்டை அணைக்கிறதுக்கு முன்னாடி கிடைக்கிற அரை மணி நேரம். அதுவும் செக்ரட்டரி கண்டுக்காம விட்டா.

2016ல ரிட்டயர் ஆனார். அதுக்கப்புறம் க்யூவைத் தொடவே இல்லை. எனக்கு வேலை கிடைச்சு, ஆபீஸ்ல ஒரு பூல் டேபிள் இருந்து, மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் நான் ஆட ஆரம்பிச்சப்பதான் தோணுச்சு, வீட்டுக்கு ஒண்ணு வாங்கினா என்னன்னு. தாம்பரம் பக்கம் எங்க சொந்த வீடு. மாடியில ஒரு ஹால் சும்மாதான் கிடந்தது.

அப்பாவுக்கு சர்ப்ரைஸ் கொடுக்கணும்னு நினைச்சேன். அதாவது, வீட்டுலயே 27 வருஷ அனுபவம் உள்ள ஒரு நிபுணரை வெச்சுக்கிட்டு, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வாங்கினேன். தப்பு அங்கதான் ஆரம்பிச்சது.

முதல் டேபிள்

எட்டடி டேபிள், புதுசு, 58,000 ரூபாய், இஎம்ஐ. போட்டோவுல பார்க்கறதுக்கு அட்டகாசமா இருந்தது. வந்து இறக்கினாங்க, ரெண்டு மணி நேரத்துல மாட்டிட்டுப் போயிட்டாங்க. அப்பாவை மாடிக்குக் கூட்டிட்டு வந்து காட்டினேன். அவர் டேபிளை ஒரு சுத்து சுத்தி வந்தார். ஒரு பந்தை எடுத்தார், கையாலேயே மெதுவா உருட்டி விட்டார். அது போய் நிக்கிற வரைக்கும் பார்த்தார். அப்புறம், "நல்லாருக்குப்பா"ன்னு சொல்லிட்டுக் கீழ போயிட்டார்.

நான் சந்தோஷப்பட்டேன். அந்த "நல்லாருக்குப்பா"வுக்கு அர்த்தம் புரிய எனக்கு நாலு மாசம் ஆச்சு.

வாங்கினது செப்டம்பர்ல. அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை. சென்னையில அந்த ரெண்டு மூணு மாசம் காத்துல எவ்வளவு ஈரம் இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அப்பளம் டப்பாக்குள்ளயே நமுத்துப் போகும். என் டேபிளோட தளம் எம்டிஎஃப், அதாவது மரத்தூளையும் நாரையும் பசை போட்டு அழுத்திச் செஞ்ச பலகை. அது ஈரத்தை உறிஞ்சினா ஊதும், வளையும். காய்ஞ்சா பழைய நிலைக்கு முழுசா திரும்பாது. அதுவும் என்னுடையது ரெண்டு பலகையை நடுவுல சேர்த்தது. பொங்கல் வர்றதுக்குள்ள அந்த ஜாயிண்ட் லேசா மேடாயிடுச்சு. நேரா அடிச்ச பந்து நடுவுல ஒரு குதி குதிச்சு, அப்புறம் அதுபாட்டுக்கு ஒரு மூலைக்கு நடந்து போகும். யார் எப்படி அடிச்சாலும் அதே மூலைதான்!

வித்தேன். 12,000 ரூபாய்க்கு. 58,000ல 12,000 கழிச்சா 46,000. இஎம்ஐ அப்பவும் ஓடிட்டு இருந்தது.

டேபிளை எடுத்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட கேட்டேன், "முதல் நாளே உங்களுக்குத் தெரிஞ்சுதாப்பா?"

"தெரிஞ்சுது."

"ஏன்பா சொல்லலை?"

"நீ ஆசையா வாங்கிட்டு வந்திருக்க. வாங்கினதுக்கு அப்புறம் சொல்லி என்ன ஆகப் போகுது? முன்னாடி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த தடவை அவரைக் கூட்டிட்டுப் போனேன். இனிமே நான் சொல்லப் போற எல்லாமே பாதி அவர் சொன்னது, பாதி நான் டேப்பும் கால்குலேட்டரும் வெச்சுக் கண்டுபிடிச்சது.

முதல்ல அறையை அளங்க, டேபிளை அப்புறம் பார்க்கலாம்

எட்டடி டேபிள்னு சொல்றாங்கல்ல, அதுல எட்டடி எங்கேயும் கிடையாது. பந்து உருளுற பகுதி, அதாவது ஒரு குஷன் மூக்குல இருந்து எதிர் குஷன் மூக்கு வரைக்கும், 88க்கு 44 இஞ்ச். ஒன்பதடின்னா 100க்கு 50. ஏழடின்னா பொதுவா 78க்கு 39, சில டேபிள்ல ஒண்ணு ரெண்டு இஞ்ச் குறையும். எப்பவும் நீளம் அகலத்தைப் போல ரெண்டு மடங்கு.

இப்ப க்யூவோட நீளம் 57, 58 இஞ்ச். பந்து குஷனை ஒட்டி நிக்குதுன்னு வெச்சுக்குங்க. நீங்க சுவருக்கு முதுகைக் காட்டி நின்னு அடிக்கணும். முழு க்யூவும் டேபிளுக்கு வெளியதான் இருக்கும். அதனால கணக்கு சிம்பிள்: ஆடுற பரப்போட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு க்யூ நீளம் கூட்டுங்க.

எட்டடிக்கு: 88 கூட்டல் 114, மொத்தம் 202 இஞ்ச். அகலம் 44 கூட்டல் 114, 158 இஞ்ச். அதாவது 16 அடி 10 இஞ்சுக்கு 13 அடி 2 இஞ்ச். எங்க ஹால் 17க்கு 13. "ரெண்டே ரெண்டு இஞ்ச்தான் சார் குறையுது"ன்னு விற்கிறவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஆனா இந்தக் கணக்குல க்யூவைப் பின்னாடி இழுக்கிற இடமே சேரலை. அதுக்கு ஒவ்வொரு பக்கமும் இன்னும் அஞ்சாறு இஞ்ச் வேணும். என் சுவர்ல க்யூ இடிச்ச பள்ளம் இன்னும் வரிசையா இருக்கு, புள்ளிக் கோலம் மாதிரி.

ஏழடிக்கு: 78 கூட்டல் 114, சரியா 192 இஞ்ச், 16 அடி. அகலம் 39 கூட்டல் 114, 153 இஞ்ச், 12 அடி 9 இஞ்ச். எங்க ஹால்ல நீளவாக்குல தாராளமா இருக்கும், அகலத்துல கொஞ்சம் இடிக்கும். அதுக்கு வழி, 48 இஞ்ச் குட்டை க்யூ ஒண்ணு தனியா வாங்கி வைக்கிறது. அகலவாக்குல சுவரை ஒட்டி அடிக்கிறப்ப மட்டும் அது. கிளப்புலயும் தூண் இடிக்கிற இடத்துக்குன்னு ஒரு குட்டை க்யூ வெச்சிருந்தாங்களாம்.

அப்பா ஆசை ஸ்னூக்கர் டேபிள்தான். ஸ்னூக்கர் ஒரு வகையில நம்ம ஊர் ஆட்டம். 1875ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லின்ங்கிற ராணுவ அதிகாரி தொடங்கினார், அப்புறம் 1882ல விதிகளை எழுதி வெச்சது நம்ம ஊட்டி கிளப்புலதான். அப்பா இதை யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுவார், கேக்காமலே சொல்லுவார். ஆனா முழு சைஸ் ஸ்னூக்கர் டேபிள் 12 அடி, அஞ்சு கல்லு சேர்த்தது, எடை ஒரு டன்னுக்கு மேல, அறை 22க்கு 16 வேணும். எங்க வீட்டுல அதுக்கு சுவரை இடிக்கணும். அதனால பூல். "பெரிய பந்து, பெரிய பாக்கெட். இதுல என்னடா இருக்கு"ன்னு முதல்ல அலுத்துக்கிட்டார்.

கல்லு, கல்லு, கல்லு

பட்ஜெட் எவ்வளவா இருந்தாலும் அப்பாவோட ஒரே நிபந்தனை: தளம் கல்லா இருக்கணும். கல்லுன்னா ஸ்லேட். நாம சின்ன வயசுல "அ" எழுதிப் பழகின அதே சிலேட்டுக் கல்லுதான், தடிமன் மட்டும் அதிகம். அது அடுக்கடுக்கா உருவான கல்லுங்கறதால பெரிய பலகையாப் பிளக்க வரும், ஒரே மட்டமா இழைக்க வரும். ஈரத்துக்கு ஊதாது. வெயிலுக்கு வளையாது. துணி கிழிஞ்சா மாத்தலாம், ரப்பர் போனா மாத்தலாம், கல்லு நல்லாருந்தா அந்த டேபிளுக்கு வயசே கிடையாது. எம்டிஎஃப் டேபிள்ல எதை மாத்தினாலும் தளம் கோணினா முடிஞ்சது.

வீட்டுக்கு முக்கால் இஞ்ச் தடிமன் போதும். ஒரு இஞ்ச் இருந்தா இன்னும் நல்லது, ஆனா எடை ஏறும். கணக்கு போட்டுப் பார்த்தேன். ஸ்லேட் ஒரு கன மீட்டருக்கு சுமார் 2,750 கிலோ. ஏழடி டேபிள்ல முக்கால் இஞ்ச் கல்லு ஆடுற பரப்புக்கு மட்டுமே 100 கிலோவைத் தாண்டும். ஒரு இஞ்சுன்னா 135க்கு மேல. விளம்பரத்துல "ஸ்லேட் டேபிள், மொத்த எடை 90 கிலோ"ன்னு போட்டிருந்தா, அது ஸ்லேட் கிடையாதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். எடையைக் கேளுங்க. பொய் சொல்றவங்க அங்கதான் மாட்டுவாங்க.

மாடி தாங்குமான்னு அடுத்த கேள்வி. வீட்டு அறைகளுக்கு நம்ம நாட்டுத் தரநிலை, ஐஎஸ் 875 பகுதி 2, சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் சுமையைக் கணக்குல எடுக்கச் சொல்லுது. அதாவது சுமார் 200 கிலோ. எங்க டேபிள் மொத்தம் சுமார் 250 கிலோ, அது அடைச்சுக்கிற இடம் சுமார் 2.8 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 90 கிலோ வரும். ஒழுங்கா கட்டின கான்கிரீட் தளத்துக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஆனா எடை மொத்தமும் கால்கள் வழியாத்தான் இறங்கும், அதனால காலுக்கு அடியில அகலமான கட்டை கொடுங்க. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, விரிசல் விட்ட தளம், தளம் கட்டினப்போ யார் பார்த்தாங்கன்னே தெரியாத வீடுன்னா, ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டாம முடிவு எடுக்காதீங்க. நான் சாப்ட்வேர் இன்ஜினியர். என் பேச்சைக் கேட்டு மாடியில எதையும் ஏத்தாதீங்க.

இன்னொண்ணு, படிக்கட்டு. ஏழடி டேபிள்ல பெரும்பாலும் கல்லு ஒரே துண்டு. ஜாயிண்ட் இல்லைங்கறது ரொம்ப நல்ல விஷயம், ஆனா ரெண்டு மீட்டர் நீளக் கல்லு படிக்கட்டு வளைவுல திரும்பணும். வளைவு சின்னதுன்னா மூணு துண்டுக் கல்லு உள்ள டேபிளைப் பாருங்க. எங்க வீட்டுல வெளிப்பக்கம் நேர் படிக்கட்டு இருந்ததால தப்பிச்சோம். ஆறு பேர் தூக்கினாங்க. பதினெட்டுப் படி. அம்மா கீழ நின்னுக்கிட்டு முருகா முருகான்னு சொல்லிட்டே இருந்தாங்க.

பழசு வாங்குறப்ப என்ன பார்க்கணும்

புது ஸ்லேட் டேபிளுக்கு நான் விசாரிச்ச இடத்துல எல்லாம் 1,30,000க்குக் கீழ யாரும் வரலை. என் பட்ஜெட் எல்லாம் சேர்த்து 90,000. அதனால பழசுதான். ஒரு பூல் பார்லர் கடையைக் காலி பண்றாங்கன்னு கேள்விப்பட்டுப் போனோம். நாலு டேபிள் இருந்தது. அப்பா ஒவ்வொண்ணா பார்த்த விதத்தை அப்படியே சொல்றேன்.

ஒண்ணு. முதல்ல குனிஞ்சு அடியில பார்த்தார். மொபைல் டார்ச்சை நான் பிடிச்சேன். பாக்கெட் ஓரத்துல கல்லோட விளிம்பு தெரியும். சாம்பல் கலர், தொட்டா ஜில்லுன்னு இருக்கும். பழுப்பா, நார் நாரா தெரிஞ்சா பலகை. விரிசல் இருக்கான்னு ஸ்க்ரூ போட்ட இடங்களைச் சுத்தி முக்கியமா பார்த்தார். ஒரு டேபிள் அங்கேயே அவுட்.

ரெண்டு. பந்தை மெதுவா உருட்டுறது. வேகமா உருட்டினா எதுவும் தெரியாது. நின்னுடுமோங்கற அளவுக்கு மெதுவா. நீளவாக்குல இங்கிருந்து அங்க, அப்புறம் அங்கிருந்து இங்க. ரெண்டு தடவையும் பந்து ஜன்னல் பக்கமே சாயுதுன்னா டேபிள் சாய்ஞ்சிருக்கு. அது பிரச்சினையே இல்லை, லெவல் பண்ணா சரியாயிடும். ஆனா வலது ஓரத்துல உருட்டினாலும் நடுவுக்கு வருது, இடது ஓரத்துல உருட்டினாலும் நடுவுக்கு வருதுன்னா தளமே குழிஞ்சிருக்கு. அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. சாய்வுக்கும் கோணலுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் பாதிப் பேர் நல்ல டேபிளை வேண்டாம்னு சொல்லிட்டு மோசமானதை வாங்குறாங்கன்னார்.

மூணு. குஷன். எல்லாப் பக்கமும் அஞ்சாறு இடத்துல ஒரே வேகத்துல பந்தை அடிச்சு, எவ்வளவு தூரம் திரும்பி வருதுன்னு பார்த்தார். பார்க்கறதை விடக் காதாலதான் கேட்டார். நல்ல ரப்பர்னா சத்தம் சுத்தமா இருக்கும். "தொப்"னு விழுந்தா ரப்பர் செத்துப் போச்சு, இல்லைன்னா உள்ள போல்ட் லூஸ். வயசான ரப்பர் கட்டியாயிடும், நகத்தால அழுத்தினாலே தெரியும். நாங்க எடுத்த டேபிள்ல ரெண்டு பக்கம் ரப்பர் போயிருந்தது. கல்லு மட்டும் தங்கம். அதைக் காட்டியே 60,000ல இருந்து 48,000க்கு இறக்கினார். மனுஷன் பேரம் பேசி நான் அன்னைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

நாலு. எந்தப் பந்துக்குச் செஞ்ச டேபிள்னு கேளுங்க. அமெரிக்க பூல் பந்து 57 மில்லிமீட்டர். இங்கிலீஷ் பூல் பந்து 51. குஷனோட மூக்கு உயரம் பந்தோட விட்டத்துல கிட்டத்தட்ட 63.5 சதவீதம் இருக்கணும். அதாவது 57க்கு 36 மில்லிமீட்டர், 51க்கு 32. சின்னப் பந்து டேபிள்ல பெரிய பந்தைப் போட்டா குஷன்ல மோதுறப்ப துள்ளும். "பந்து செட் ஃப்ரீ"ன்னு எதையாவது கொடுத்தா இதைப் பாருங்க.

டேபிள் விலை பாதிதான்

இதுதான் புதுசா வாங்குற எல்லாரும் தவறவிடுற இடம். என்னோட முழுக் கணக்கு:

டேபிள் 48,000. பிரிச்சு, ஏத்தி, இறக்கி, மாட்டி, லெவல் பண்ண 14,000. குஷன் ரப்பர் 7,500. புதுத் துணி 9,500. பந்து செட் 8,500. ரெண்டு க்யூ, ஒரு சாதாரணம் ஒரு குட்டை, 3,000. மேல தொங்குற லைட் 1,800. மொத்தம் 92,300. பட்ஜெட்டைத் தாண்டி 2,300 போச்சு. டேபிளோட விலை மொத்தத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். கையில 90,000 இருந்தா 50,000 ரூபாய் டேபிளைத்தான் தேடணும்.

மாட்டுற கூலியில மட்டும் கை வைக்காதீங்க. தெரிஞ்ச ஆள்தான் மாட்டணும், வீட்டு ஆசாரியை வெச்சு ஒப்பேத்த முடியாது. கல்லை ஃப்ரேம் மேல வெச்சு, நல்ல ரசமட்டம் போட்டு, எங்க தாழ்வா இருக்கோ அங்க கல்லுக்கு அடியில மெல்லிசா எதையாவது சொருகணும். வந்த ஃபிட்டர் பையன் ஆப்பு வெச்சுப் பார்த்துட்டு இருந்தான். அப்பா கீழ போய் ஒரு பழைய சீட்டுக்கட்டை எடுத்துட்டு வந்தார். ஒரு மூலைக்கு மூணு சீட்டு, இன்னொண்ணுக்கு ஒண்ணு. ரசமட்டத்துல குமிழ் நடுவுல போய் உட்கார்ந்தது. அந்தப் பையன், "ஐயா, நீங்க எந்தக் கம்பெனி?"ன்னு கேட்டான். அப்பா சிரிச்சார், பதில் சொல்லலை.

துணியும் பந்தும் பத்திச் சுருக்கமா. பூலுக்கு முடியில்லாத வழவழப்பான ஒர்ஸ்டட் துணி வேகமா ஓடும். ஸ்னூக்கர் மாதிரி முடி உள்ள துணி மெதுவா இருக்கும், விலையும் குறைவா கிடைக்கும். அதுக்கு பிரஷ் ஒரே திசையில போடணும், வட்டமா தேய்க்கக் கூடாது. பந்து ஃபினாலிக் ரெசின்ல வாங்குங்க. மலிவான பாலியெஸ்டர் பந்து சீக்கிரம் மங்கிடும், கீறல் விழும். மூடி வைக்க ஒரு உறை அவசியம். மழைக்காலத்துல ஜன்னலைத் திறந்து போட்டா, கல்லுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா துணி ஈரமாகிப் பந்து சேத்துல ஓடுற மாதிரி ஓடும். மாட்டி ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை லெவல் பாருங்க, எடையில கொஞ்சம் அமரும்.

யார் வாங்க வேண்டாம்?

வாடகை வீட்டுல இருக்கீங்கன்னா வேண்டாம். ஒவ்வொரு தடவை வீடு மாறுறப்பவும் பிரிச்சு மாட்ட 14,000, துணியும் பெரும்பாலும் புதுசு போடணும். அறை 16க்கு 13 இல்லைன்னா யோசிங்க. கல்லு வாங்க முடியலைன்னா, எம்டிஎஃப் வாங்காதீங்க, காத்திருங்க. நாலடி மடக்கு டேபிள் குழந்தைங்களுக்கு ஓகே, அதை பொம்மைன்னு தெரிஞ்சு வாங்கினா ஏமாற்றம் இல்லை.

இன்னொரு கணக்கு. எங்க ஏரியா பார்லர்ல மணிக்கு 150 ரூபாய். 92,300க்கு 615 மணி நேரம் ஆடலாம். வாரம் நாலு மணி நேரம் ஆடினா கிட்டத்தட்ட மூணு வருஷம். மூணு வருஷத்துக்கு வாரா வாரம் நாலு மணி நேரம் ஆடுவேன்னு உங்களால சத்தியம் பண்ண முடியலைன்னா, பார்லருக்கே போங்க. வெறும் கணக்குப்படி பார்த்தா நானும் பார்லருக்குத்தான் போயிருக்கணும்.

ஆனா எங்க அப்பா பார்லருக்கு வர மாட்டார். அங்க போனா அவர் ஆட மாட்டார், அடுத்தவங்க டேபிள்ல விழுந்த பந்தைப் பொறுக்கி வைப்பார். ஒரு தடவை கூட்டிட்டுப் போய்ப் பார்த்துட்டேன்.

கடைசியா ஒண்ணு. டேபிள் மாட்டி முடிச்ச அன்னைக்கு சாயங்காலம், முதல் ஆட்டம். அப்பாவைத்தான் ப்ரேக் பண்ணச் சொன்னேன். "நீ ஆரம்பி"ன்னார். நான் அடிக்க ஆரம்பிச்சேன். அஞ்சாவதோ ஆறாவதோ ஷாட், பந்து தூரத்துல, எனக்கு எட்டலை. என்ன பண்றதுன்னு நிமிர்ந்து பார்க்கறதுக்குள்ள என் கைக்குப் பக்கத்துல ரெஸ்ட் வந்துடுச்சு. திரும்பிப் பார்த்தா, அப்பா சுவர் ஓரமா, கையைக் கட்டி, நிமிர்ந்து நிக்கிறார். அவரோட க்யூ ஸ்டாண்டுலதான் இருக்கு. எடுக்கவே இல்லை. நான் ஆடுற நேரம் முழுக்க அவர் மார்க்கராத்தான் நின்னுக்கிட்டு இருந்திருக்கார். அவருக்கே அது தெரியலைன்னு நினைக்கிறேன்.

நான் ரெஸ்ட்டைக் கீழ வெச்சேன். க்யூவை எடுத்து அவர் கையில கொடுத்துட்டு, சுவர் ஓரத்துல போய் நின்னேன். "அப்பா, இன்னைக்கு நான் மார்க்கர். நீங்க ஆடுங்க"ன்னேன்.

கொஞ்ச நேரம் க்யூவையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் சாக் போட்டார். அன்னைக்கு ராத்திரி பத்தரை வரைக்கும் ஆடினார். நான் பந்து எடுத்து வெச்சேன், ரெஸ்ட் எடுத்துக் கொடுத்தேன். ஒரு தடவை தப்பான பக்கத்துல நின்னுட்டேன். "மார்க்கர், ஆடுறவங்க கண்ணுல நேரா நிக்கக் கூடாது"ன்னார். அவ்வளவு வருஷத்துல அவருக்கு எத்தனை பேர் அதைச் சொல்லியிருப்பாங்களோ, தெரியலை.

சரி மக்களே. உங்க வீட்டுலயும் எதைப் பத்தியாவது நிறைய தெரிஞ்ச ஒருத்தர் இருப்பார். வாங்குறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேளுங்க. வாங்கினதுக்கு அப்புறம் கேட்டா "நல்லாருக்குப்பா"ன்னுதான் சொல்லுவார். அறை அளவு, படிக்கட்டு, தளம் பத்திச் சந்தேகம் இருந்தா அளவோட எழுதி அனுப்புங்க, கணக்குப் போட்டு அடுத்த கேள்வி பதில் எபிசோடுல சொல்றேன். பந்து உருட்டுற சந்தேகம்னா அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன். அவர் இப்ப மாடியிலதான் இருக்கார். இந்த ரெக்கார்டிங்ல பின்னாடி ஒரு "டக்" சத்தம் கேட்டிருந்தா, மன்னிச்சுக்குங்க, அதை எடிட் பண்ண மனசு வரலை.

அடுத்த வாரம் சந்திப்போம்.